சாம்பிள் ஒன்று, சரக்கு வேறு: ஏபிஎஸ்ஸுக்கு ஹீட் அடிட்டிவ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

அம்பத்தூர் பக்கம் நாலு இன்ஜெக்‌ஷன் மெஷின் போட்டு மோல்டிங் தொழில் செய்கிறேன். போன வருடம் கார் டாஷ்போர்டில் வரும் ஏசி வென்ட் ஒன்றுக்கு ஆர்டர் கிடைத்தது. 100 டிகிரி ஓவனில் (சூட்டு அடுப்பில்) நாலு மணி நேரம் வைத்தாலும் லூவர் (காற்றைத் திருப்பும் பட்டை) வளையக் கூடாது என்பது நிபந்தனை. சாதாரண ஏபிஎஸ் பிளாஸ்டிக் அதைத் தாங்காது. அதிலுள்ள ஸ்டைரீன்-அக்ரிலோநைட்ரைல் பகுதி 105 டிகிரி வாக்கில் இளகும். மோல்டிங்கின்போது உள்ளே உறைந்துபோன இறுக்கம் அதற்கு முன்பே பொருளை முறுக்க ஆரம்பித்துவிடும்.

சூடு தாங்குவதற்கென்றே ஏபிஎஸ்ஸில் சேர்க்கும் ஹீட் அடிட்டிவ்தான் என்-ஃபினைல் மேலியிமைடு கோபாலிமர். ஸ்டைரீனோடு சேர்த்துச் செய்த இந்தப் பாலிமர், வகையைப் பொறுத்து 200 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இளகும். ஏபிஎஸ்ஸில் ஒன்றாகக் கலந்து மொத்தத்தின் இளகு நிலையையே மேலே தூக்கிவிடும். நூற்றுக்குப் பத்து சேர்த்தால் சுமார் 8, 9 டிகிரி ஏறும். அடி தாங்கும் வலு கொஞ்சம் குறையும், அச்சுக்குள் ஓட்டமும் குறையும். ஆனால் வேலை நடக்கும்.

ஒரு டீலர் வந்தார். மற்றவர்கள் சொன்ன விலையில் பாதிதான் சொன்னார். சந்தேகம் வந்தது, ஆனாலும் இரண்டு கிலோ சாம்பிள் வாங்கிப் பார்த்தேன். லேசான மஞ்சள் நிறக் குருணை. ட்வின் ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடரில் (இரட்டைத் திருகால் பிளாஸ்டிக்கை உருக்கிக் கலக்கும் மெஷின்) 250 டிகிரியில் கலந்து அடித்தோம். ஓவனில் வைத்தோம், லூவர் அசையவில்லை. அந்த நம்பிக்கையில் 150 கிலோவுக்கு முழுப் பணமும் முன்கூட்டியே கொடுத்தேன். இதைத்தான் செய்திருக்கக் கூடாது.

சரக்கு ஆறு மூட்டையாக வந்தது. இரண்டைப் பிரித்து அதே எக்ஸ்ட்ரூடரில், அதே சூட்டில் கலந்தோம். பீஸ் கையில் எடுத்தால் நல்ல விறைப்பு. எங்கள் ஆபரேட்டர் தம்பிகூட, “அண்ணே, சாம்பிளைவிட இது ஸ்ட்ராங்கா இருக்கு” என்றான். 2,400 செட் அடித்து அனுப்பினோம். கஸ்டமரின் ஓவனிலிருந்து வெளியே வந்த லூவர்கள் வாடிய வெற்றிலை மாதிரி சுருண்டு கிடந்தன. மொத்த லாட்டும் திரும்பி வந்தது.

அன்றைக்கு ராத்திரி ஒரு பிடி குருணையை இடுக்கியில் பிடித்து லைட்டரில் கொளுத்தினேன். நல்ல சரக்கு கரும்புகை விட்டு எரியும், சாம்பல் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. இதில் குருணை எரிந்து முடிந்தும் அதே வடிவத்தில் சாம்பல் கட்டியாக நின்றது. அதன்மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தேன். பொங்கியது. கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புத் தூள். அப்புறம் மிச்சமிருந்த சாம்பிளையும் இதையும் ஒரே டம்ளரில் தலைதட்டி எடை போட்டேன். சாம்பிள் 100 கிராம் என்றால் இது 150-ஐத் தாண்டியது.

சுண்ணாம்பு, பிளாஸ்டிக்கைச் சாதாரண சூட்டில் விறைப்பாக்கும். தம்பியும் நானும் ஏமாந்தது அங்கேதான். அது பாலிமரோடு கலப்பதில்லை, நடுநடுவே தூளாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழைய 105 டிகிரியிலேயே இளகும்.

டீலரைக் கேட்டால், “சார், உங்க மெஷின்ல சூடு பத்தல, அதான் கரையல” என்றார். இந்தப் பேச்சை நம்பிவிடாதீர்கள். நிஜமான சரக்கு சூடு பற்றாமல் போனால் பீஸில் மணல் மாதிரி புள்ளி தெரியும். சாம்பலில் சுண்ணாம்பு வராது. நாங்கள் ட்வின் ஸ்க்ரூவில் 250-இல் ஓட்டியதற்கு லாக் ஷீட் இருக்கிறது.

அவர் கொடுத்திருந்த டெஸ்ட் ரிப்போர்ட்டையும் அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். வைகாட் (சுமையோடு ஊசி அழுத்தும்போது பிளாஸ்டிக் இளகும் சூடு) 112 டிகிரி என்று பெரிதாகப் போட்டிருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் 10 நியூட்டன். ஏபிஎஸ்ஸுக்கு எல்லோரும் ஒப்பிடுவது 50 நியூட்டன் சுமையில் எடுத்த அளவை. சுமையைக் குறைத்தால் அதே பொருளுக்கு எண் கூடத்தான் செய்யும். ஹெச்டிடி (சுமையில் பிளாஸ்டிக் வளையும் சூடு) ரிப்போர்ட்டிலும் இப்படி ஏமாற்றலாம்: 1.8 மெகாபாஸ்கலுக்குப் பதில் 0.45-இல் எடுப்பது, அல்லது மாதிரியை முன்கூட்டியே அனீல் செய்து (சூட்டில் வைத்து உள்ளிறுக்கத்தைத் தளர்த்தி) எடுப்பது. எண்ணைப் பார்ப்பதற்கு முன் சுமையையும், அனீல் செய்தார்களா என்பதையும் பாருங்கள்.

பில்லில் “பிளாஸ்டிக் அடிட்டிவ்” என்று மட்டும்தான் இருந்தது. கோபாலிமர் பெயர் இல்லை, லாட் நம்பர் இல்லை. வக்கீல் முதலில் கேட்டதே அதைத்தான். என்ன பொருள் என்று பில்லில் எழுதாமல் யாரும் காசு கொடுக்காதீர்கள். சரக்கு இறங்கியதும் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுத்துக் கொளுத்திப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. பெரிய ஆர்டர் என்றால் கிண்டியில் உள்ள மத்திய அரசின் பிளாஸ்டிக் நிறுவனமான சிப்பெட்டில் வைகாட்டும் சாம்பல் அளவும் எடுத்த பிறகு கலக்குங்கள்.

மீதி நாலு மூட்டையைப் பிரிக்காமல், தையல் கலையாமல் வைத்திருக்கிறேன். தேதி தெரியும்படி போட்டோவும் எடுத்தாயிற்று. மஞ்சள் குருணை, பாதி விலை, பில்லில் பெயர் இல்லை; இந்த மூன்றும் சேர்ந்து உங்களுக்கும் வந்திருந்தால் கலக்காமல் நிறுத்திவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து புகார் கொடுத்தால் நிற்கும் என்று வக்கீல் சொல்கிறார்.