ஓய்வுக்காலத்தில் ஒரு நாய்க்குட்டி: லேப்ரடாரா, சிப்பிப்பாறையா, தெருவில் பிறந்ததா?

நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டு, வீட்டில் நாய் வளர்ப்பது என்று முடிவாயிற்று. கோட்டையூரில் எங்கள் வீடு, இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றைப் போலவே, முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடப்பது. பங்காளிகள் வெளியூரில் இருப்பதால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு அனைத்துக்கும் நானும் என் மனைவியும் மட்டுமே காவல். இரவு தாழ்ப்பாள் போட்டுவிட்டு வரும்போதெல்லாம், "ரெண்டு பேருக்கு எதுக்குங்க இத்தனை கதவு?" என்று அவள் கேட்பாள். அந்தக் கேள்விதான் நாயில் வந்து முடிந்தது.

அப்போது மூன்று குட்டிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. காரைக்குடியில் ஒரு நண்பர் தம் வீட்டு லேப்ரடார் ஈன்ற குட்டிகளில் ஒன்றைத் தருவதாகச் சொன்னார். விருதுநகர்ப் பக்கத்து உறவினர் சிப்பிப்பாறை என்னும் நாட்டு வேட்டைநாயின் குட்டி பிடித்துத் தருகிறேன் என்றார். மூன்றாவது, எங்கள் ஊரணிக்கரையில் தெருநாய் ஒன்று போட்டிருந்த குட்டிகளில் எஞ்சிய செம்பழுப்பு நிறப் பெண்குட்டி. நாங்கள் எடுத்தது மூன்றாவதை. செவலை என்று அழைக்கிறோம். இருபது மாதங்கள் ஆகின்றன. எனவே இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றுக்கும் பொதுவானவற்றை முதலில் முடித்துவிடலாம். எந்தக் குட்டியும் கடிக்கும், எந்தக் குட்டியும் கண்ட இடத்தில் நனைக்கும். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது என்பதால் இரவில் இருமுறையாவது எழுந்து வெளியே கொண்டுபோக வேண்டும். அறுபதைக் கடந்தவர்கள் எப்படியும் அந்த நேரத்தில் எழுபவர்களே. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட வேண்டிய தடுப்பூசிகளும், மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், குடற்புழு மருந்தும் இனம் பார்ப்பதில்லை.

லேப்ரடாரின் குணத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. குழந்தையோடும் கிழவரோடும் ஒன்றுபோல் பழகும். சொன்னதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஆனால் அது நியூஃபவுண்ட்லாந்தின் குளிர்ந்த கடலில் மீனவர்களுக்கு வலை இழுத்துக்கொடுத்த நாய்களின் வழிவந்தது. உடம்பில் இரட்டை மயிர்ப் போர்வை இருப்பதால் நம்மூர்ச் சித்திரை வெயிலில் நண்பர் வீட்டு நாய் பகல் முழுவதும் மின்விசிறிக்கடியில் நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கும். உதிரும் மயிரைத் தினமும் சீவி எடுக்க வேண்டும். எவ்வளவு போட்டாலும் தின்னும் என்பதால் எளிதில் பருத்துவிடும். பருத்தால் இடுப்பு மூட்டு கெடும். எங்கள் வளவில் பாவியிருப்பது வழுவழுப்பான ஆத்தங்குடிக் கல். செவலை குட்டியாக இருந்தபோது, சோற்றுத் தட்டின் ஓசை கேட்டு ஓடிவந்து, நிற்க நினைத்த இடத்தில் நிற்க முடியாமல் நான்கு கால்களும் நான்கு திசையில் விரியத் தூண்வரை வழுக்கிக்கொண்டு போவாள். ஆறு கிலோக் குட்டிக்கு அது வேடிக்கை. முப்பது கிலோ எடையும் மூட்டுக்கோளாறு நாட்டமும் உள்ள நாய்க்கு அந்தத் தரை வினை. அதே எடை கழுத்துப்பட்டையின் மறுமுனையில் இழுத்தால் நமக்கும் வினைதான்.

சிப்பிப்பாறைக்கு வெயில் ஒரு பொருட்டே அல்ல. குட்டை மயிர், கொழுப்பற்ற உடல், எளிய தீனி. உறவினர் தம் கட்சிக்கு வலுச் சேர்க்க, 2005இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் தலை வெளியிட்டதையும், நாட்டு இனங்களைப் பெருக்கச் சைதாப்பேட்டையில் அரசே ஒரு பண்ணை வைத்ததையும் எடுத்துச் சொன்னார். பெருமை நியாயமானதே. ஆனால் சிப்பிப்பாறை முயல் விரட்டுவதற்கென்றே பல தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டது. கண்ணில் எது ஓடினாலும் அதன் கால் முன்னே போகும். தெருவில் ஆடு போகிறது, கோழி மேய்கிறது. கதவு ஒரு சாண் திறந்திருந்தால் போதும், பிறகு ஆட்டுக்காரரிடம் நாம்தான் பேச வேண்டியிருக்கும். நாள்தோறும் திறந்த வெளியில் ஓடவிட வேண்டிய நாயை, மாடிப்படி ஏறவே யோசிக்கும் நான் எப்படிச் சமாளிப்பேன்? சிப்பிப்பாறையோடு என் நேரடிப் பழக்கம் உறவினர் வீட்டில் கழித்த இரண்டு வாரமே. சொந்தமாகத் தோட்டமும், உடன் ஓட ஆளும் உள்ளவர்கள் என் தயக்கத்தை ஒதுக்கிவிடலாம்.

இவை எதுவும் எங்கள் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது என் பழைய நாட்குறிப்பு. குட்டி எடுப்பதற்கு முந்தைய ஆண்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து வீட்டில் இல்லாத நாட்களை ஒருநாள் மாலை எண்ணிப் பார்த்தேன். எழுபத்தொன்று வந்தது. சென்னையில் இருக்கும் மகன் வீட்டுக்கு இருமுறை, மனைவியின் கண்புரை அறுவைக்கு மதுரையில் தங்கியது, மூன்று திருமணம், ஒரு குடமுழுக்கு, தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்தவர்களோடு போனது. ஓய்வு பெற்றவன் எப்போதும் வீட்டிலேயே இருப்பான் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், நாமும் நம்பிவிடுகிறோம். உண்மையில் விடுப்பு எழுதித்தர வேண்டிய கட்டாயம் போனபின்புதான் நாம் அதிகம் ஊர் சுற்றுகிறோம். நாம் இருக்கும் நாட்களில் எந்த நாயையும் வளர்த்துவிடலாம். நாம் இல்லாத எழுபத்தொரு நாட்களில் யார் வளர்ப்பது?

உடன் அழைத்துப்போகலாம் என்பார்கள். ரயிலில் நாயைப் பயணிகளோடு ஏற்ற வேண்டுமானால் முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் தனியறை முழுவதையும் நாமே பதிவு செய்ய வேண்டும். இல்லையெனில் அது கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் வர வேண்டும். காரைக்குடியிலிருந்து நாங்கள் வழக்கமாகப் போகும் பல்லவன், உட்கார்ந்து போகும் பகல் வண்டி. அதில் தனியறைக்கே வழியில்லை. நாய்களைத் தங்கவைக்கும் இடம் ஒன்றையும் போய்ப் பார்த்தேன். தகரக் கூரை, உச்சி வெயில், தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடந்தது. பேசாமல் திரும்பிவிட்டேன்.

ஆக மீதி இருப்பது அண்டை வீடு. எங்களுக்கு அது பின்வாசலுக்கு எதிர்வீட்டு ஆச்சி. அவர்களுக்கும் வயது அறுபதுக்கு மேல். அவர்களால் என்ன முடியும்? இரண்டு வேளை சோறு வைக்கவும், தண்ணீர் மாற்றவும், கதவைத் திறந்துவிடவும் முடியும். முப்பது கிலோ லேப்ரடாரைப் பிடித்துக்கொண்டு நடக்கவோ, மயிர் சீவவோ, வெயில் ஏறினால் விசிறிக்கடியில் கொண்டுபோய்ப் படுக்கவைக்கவோ முடியாது. ஓடிப்போன சிப்பிப்பாறையை எந்தப் பொட்டலில் போய்த் தேடுவார்கள்? செவலைக்கோ தயிர்ச்சோறும் ஓர் அவித்த முட்டையும் போதும். அந்தத் தெரு அவளுக்குப் பழகிய இடம்; ஆச்சி வீட்டுத் திண்ணையும் அவளுக்குத் தெரியும், பால்காரரையும் தெரியும்.

பத்து மாதமானபோது சோதித்துப் பார்த்தோம். பதினொரு நாள் சென்னைக்குப் போனோம். முதல் இரண்டு நாள் செவலை எங்கள் பின்வாசல் படியைவிட்டு நகரவில்லை, சோற்றையும் தொடவில்லை என்று ஆச்சி தொலைபேசியில் சொன்னபோது மனைவி பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டாள். மூன்றாம் நாள் காலை, "நீங்க இருந்துட்டு வாங்க வாத்தியாரய்யா, நாட்டுக்கோழி முட்டை வச்சேன், தின்னுட்டா. இப்ப என் காலடியிலதான் கெடக்கா" என்று செய்தி வந்தது. ஊர் திரும்பியபோது எங்களைப் பார்த்து வாலை ஆட்டினாள். ஆனால் திண்ணையைவிட்டு உடனே இறங்கவில்லை. எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது. யோசித்தால், நான் வேண்டி எடுத்ததே அந்தக் குணத்தைத்தான்.

தெருக்குட்டி எடுத்ததற்கு நாங்கள் கொடுத்த விலையையும் மறைக்கக் கூடாது. அவளோடு பிறந்த இரண்டு குட்டிகள் ரத்தக் கழிச்சல் கண்டு இரண்டே நாளில் இறந்தன. தடுப்பூசி போடாத தாயின் குட்டிகளைப் பார்வோ கிருமி இப்படித்தான் அள்ளிக்கொண்டு போகும். அந்தக் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும் என்பதால், ஒரு குட்டி அப்படி இறந்த வீட்டில் ஊசி போடாத இன்னொரு குட்டியை உடனே கொண்டுவரக் கூடாது. செவலை வந்த இரண்டாம் வாரம், விளையாட்டாகக் கவ்வியதில் ஊசிப் பல் பட்டு என் விரலில் ரத்தம் வந்தது. தாய் தெருநாய், குட்டிக்கு இன்னும் வெறிநோய் ஊசி போடும் வயது வரவில்லை. கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். காயத்தைச் சுற்றி ஒரு மருந்தும், அன்றும் அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களிலும் ஊசியும் போட்டார்கள். சின்னக் கீறல்தானே என்று இதில் ஒருவரும் சோம்பக் கூடாது. வீட்டில் பிறந்து, ஊசி போட்ட தாயின் லேப்ரடார்க் குட்டியாக இருந்திருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் இருந்திருக்காது. புதியவர்களிடம் அவளுக்குள்ள சந்தேகமும் இன்னும் போகவில்லை. தபால்காரர் இன்றுவரை தெருவில் நின்றே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். முதல் ஆறு மாதம் எங்களால் ஒன்றாக எங்கும் போகவும் முடியவில்லை. ஒரு திருமணத்துக்கு நான் போனேன், அடுத்ததற்கு மனைவி போனாள். குட்டியை ஆச்சியிடம் விட முடியாது. வளர்ந்த நாயைத்தான் விட முடியும்.

குட்டியே வேண்டாம், இரண்டு மூன்று வயது நாயாக எடுக்கலாமே என்றும் கேட்கலாம். எழுபதை ஒட்டியவர்களுக்கு அதுவே சரி என்பது என் எண்ணம். நாய்க்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு என்று கொண்டால், எனக்கு எழுபத்தைந்து ஆகும்வரை செவலை இருப்பாள். அதற்குள் ஆச்சியாலும் முடியாமல் போகலாம் என்பதால், அவர்கள் மருமகளிடமும் இப்போதே பேசி வைத்திருக்கிறோம். செவலைக்குக் கருத்தடை அறுவை செய்த நாள், அடுத்த வெறிநோய் ஊசிக்கான நாள், உண்ணி மருந்தின் பெயர், கால்நடை மருத்துவரின் எண் ஆகியவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, சாவியோடு அந்தப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன். இந்தப் பொங்கல் கழித்து மகன் வீட்டுக்குப் போகும்போது, முதல் முறையாக ஆச்சிக்குப் பதில் அவள் சோறு வைக்கப் போகிறாள்.