நிற்கும்போது தெரியும் அருமை: ஹைப்ரிட் மினிவேனில் 4 வருடம்

போன வாரம் எங்கள் வேனின் ஓடோமீட்டர் 80,000 கிலோமீட்டரைத் தாண்டியது. வாங்கி 4 வருடம் ஆகிறது. வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் பெயின்ட்டையும் பெரிய திரையையும் பற்றித்தான் எழுதியிருப்பேன். இப்போது டயர் ஒரு செட் மாற்றியாகிவிட்டது, ஒரு முறை நடுவழியில் நின்றும் பார்த்தாகிவிட்டது. குடும்பத்துக்கு வண்டி தேடுகிறவர்களுக்கு உண்மையில் உதவுகிற மாதிரி இப்போதுதான் எழுத முடியும்.

வீட்டில் நாங்கள் ஆறு பேர்: நான், மனைவி, மூன்று பிள்ளைகள், என் அம்மா. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். முதலில் உயரமான எஸ்யூவி ஒன்றைத்தான் பார்க்கப் போனோம். ஒரு கையால் கைப்பிடியையும் இன்னொரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கி வைக்க முடியாமல் அம்மா அப்படியே நின்றார். எஸ்யூவி பேச்சு அதோடு முடிந்தது. அடுத்து மினிவேன். தரை தாழ்வாக இருந்தது, ஸ்லைடிங் கதவு முழுதாக விலகியது. அம்மா சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். "யாரும் பிடிக்க வேண்டாம்ப்பா, நானே ஏறிக்கிறேன்" என்றார். மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பிறகுதான் யோசித்தோம்.

பெட்ரோலா, ஹைப்ரிட்டா? ஹைப்ரிட் என்றால் பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரியும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி. முன்பு வைத்திருந்தது ஆறு சிலிண்டர் பெட்ரோல் வேன். லிட்டருக்கு 9 கிலோமீட்டர்தான் கொடுத்தது. எங்கள் ஓட்டமோ பெரும்பாலும் ஊருக்குள்தான். பள்ளி, ஆஸ்பத்திரி, நீச்சல் வகுப்பு என்று நின்று நின்று போகிற ஓட்டம். ஆட்களோடு சேர்த்து ஒரு மினிவேன் சுமார் 2,500 கிலோ எடை வரும். அது 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் ஆற்றலைக் கணக்குப் போட்டால், ஒரு 10 வாட் எல்.இ.டி. பல்பு ஆறரை மணி நேரம் எரிவதற்குச் சமம். சாதாரண வண்டியில் ஒவ்வொரு சிக்னலிலும் பிரேக்கை மிதித்து அவ்வளவையும் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம். ஹைப்ரிட்டில் வண்டியை ஓட்டும் அதே மின்மோட்டார் பிரேக் பிடிக்கும்போது ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு நல்ல பங்கைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. எடை கூடினால் வீணாவதும் கூடும், அதனால் மீட்க முடிவதும் கூடும். சின்னக் காரைவிட வேனுக்குத்தான் ஹைப்ரிட் அதிகம் பொருந்துகிறது என்பது என் கட்சி. இது புதிய யோசனையும் இல்லை. ஜப்பானில் டொயோட்டா எஸ்டிமா ஹைப்ரிட் மினிவேன் 2001-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது.

மைலேஜைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். டேஷ்போர்டு காட்டுவதை நம்பாமல், ஒவ்வொரு முறையும் டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தை வகுத்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஊருக்குள் மிதமான வெயில் நாட்களில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் வரை வருகிறது. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 15, அதுவே 120-ல் போனால் 12.5-க்கு இறங்கிவிடுகிறது. காரணம் காற்று. வேகம் 100-லிருந்து 120 ஆனால் காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் கூடும். இது பெட்டி மாதிரி வண்டி, அந்த இடத்தில் எந்த மோட்டாரும் காப்பாற்றாது. கடும் குளிர் நாட்களில், குறைந்த தூர ஓட்டத்தில் 12 கூட வந்திருக்கிறது. ஹீட்டருக்குச் சூடு எஞ்சினிலிருந்துதான் வர வேண்டும் என்பதால், நிற்கும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். 4 வருடச் சராசரி 14.5. பழைய வேனோடு ஒப்பிட்டால் 80,000 கிலோமீட்டரில் ஏறக்குறைய 3,370 லிட்டர் பெட்ரோல் மிச்சம். டேஷ்போர்டு எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறது.

ஆனால் 4 வருடம் கழித்து எனக்கு மிகவும் பிடித்திருப்பது மைலேஜ் இல்லை. இந்த வண்டி நிற்கிற விதம்தான். குடும்ப வண்டியின் வாழ்க்கையில் பாதி காத்திருப்புதான். மகள் வகுப்பு முடிந்து வர அரை மணி நேரம், அம்மாவின் ரத்தப் பரிசோதனைக்கு முக்கால் மணி நேரம். பின்சீட்டில் சின்னவன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருப்பான். இந்த வேனில் ஏசியின் கம்பிரசர் பெல்ட்டில் ஓடுவதில்லை, பெரிய பேட்டரியின் மின்சாரத்தில் ஓடுகிறது. அதனால் எஞ்சின் அணைந்திருக்கும்போதும் குளிர்காற்று குறையாமல் வரும். சில நிமிடத்துக்கு ஒரு முறை எஞ்சின் தானாகக் கண் விழிக்கும், ஒன்றிரண்டு நிமிடம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி அடங்கிவிடும். அதிர்வு கிடையாது. சின்னவன் விழிப்பதும் கிடையாது. பழைய வேனில் இதே அரை மணி நேரம் முழுக்க ஆறு சிலிண்டரும் உறுமிக்கொண்டிருக்கும், பின்னால் நிற்கிறவர் மீது புகை போகும். அந்தச் சங்கடம் இப்போது பெரும்பாலும் இல்லை.

இதே அமைதியில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு நாள் மனைவி சாமான்களை இறக்கும் அவசரத்தில் வண்டியை அணைக்க மறந்து வீட்டுக்குள் வந்துவிட்டாள். சத்தமே இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூடிய கராஜுக்குள் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கியது. கராஜையும் வீட்டையும் பிரிப்பது ஒரு கதவுதான். எஞ்சின் புகையில் வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. நல்ல வேளையாக மகள் சத்தம் கேட்டுச் சொன்னாள். வண்டி ஓடத் தயாராக இருக்கும்வரை டேஷ்போர்டில் 'ரெடி' விளக்கு எரியும். அன்றிலிருந்து இறங்குவதற்கு முன் அது அணைந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறோம். வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டிவிட்டோம். கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால் தயவுசெய்து நீங்களும் மாட்டுங்கள்.

ஓட்டும் அனுபவத்தில் பழக வேண்டியது எஞ்சின் சத்தம். இந்த எஞ்சின் அட்கின்சன் முறையில் வேலை செய்கிறது. 1882-ல் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் கண்டுபிடித்த முறை அது. இப்போது அதையே, காற்று உள்ளே வரும் வால்வைத் தாமதமாக மூடுவதன் மூலம் செய்கிறார்கள். எரிபொருள் மிச்சமாகும், ஆனால் குறைந்த சுற்றில் இழுவை குறையும். அந்தக் குறையை மின்மோட்டார் நிரப்புகிறது. கியர் என்று படிப்படியாக எதுவும் இல்லை. எஞ்சினையும் இரண்டு மின்மோட்டார்களையும் ஒரு கோள்கியர் தொகுதி (நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சின்னச் சக்கரங்கள் உருளும் அமைப்பு) இணைக்கிறது. அதனால் ஆறு பேரும் சாமானுமாக மேட்டில் ஏறும்போது எஞ்சின் ஒரே சுருதியில் கத்தும், வேகம் மட்டும் மெல்லக் கூடிக்கொண்டு வரும். முதல் மாதம் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். ஆக்ஸிலேட்டரை ஒரேயடியாக மிதிக்காமல், பாதியில் நிறுத்திப் பிடித்தால் சத்தம் வெகுவாகக் குறைகிறது, வண்டியும் அதே வேகத்துக்கு வந்துவிடுகிறது.

மலை இறக்கம் வேறு கதை. முதல் முறை நீண்ட இறக்கத்தில் வந்தபோது பத்து நிமிடத்தில் பேட்டரி நிரம்பிவிட்டது. நிரம்பிய பேட்டரிக்குள் மேலும் மின்சாரத்தைத் திணிக்க முடியாது. உடனே வண்டி எஞ்சினைச் சும்மா சுழற்றி வேகத்தைக் கட்டுப்படுத்த ஆரம்பித்தது. காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்திருக்கிறேன், எஞ்சினோ கதறுகிறது. "அப்பா, என்ன சத்தம்?" என்று பின்னாலிருந்து மூன்று குரல்கள். அந்த நேரத்தில் எஞ்சின் பெட்ரோல் எரிப்பதில்லை, வெறும் காற்றை அமுக்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் வண்டியில் இதற்கென்றே லீவரில் 'பி' நிலை இருக்கிறது. இறக்கம் தொடங்கும்போதே அதைப் போட்டுவிட்டால் பிரேக் சூடாகாமல் இருக்கும்.

அப்புறம், நடுவழியில் நின்ற கதை. இரண்டு வாரம் வெளியூர் போய்விட்டு விமான நிலையப் பார்க்கிங்குக்கு இரவு 11 மணிக்கு வந்தால், சாவியை அமுக்கினாலும் வண்டி அசையவில்லை. விளக்கில்லை, கதவில்லை. கடைசி வரிசையில் படிக்கும் விளக்கை யாரோ அணைக்காமல் விட்டிருந்தோம் போலிருக்கிறது, 12 வோல்ட் பேட்டரி முழுக்க இறங்கிவிட்டிருந்தது. இங்கேதான் பலருக்குக் குழப்பம் வரும். வண்டியில் இவ்வளவு பெரிய ஹைப்ரிட் பேட்டரி இருக்கும்போது எப்படி ஸ்டார்ட் ஆகாமல் போகும்? அந்தப் பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கிற ரிலே என்ற மின்சுவிட்சுகளை மூடுவதும், கம்ப்யூட்டர்களை எழுப்புவதும் இந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அது செத்தால் பெரியது கட்டிப்போட்ட யானை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவி முன்கதவைத் திறந்து, பானெட்டுக்குள், வெளியிலிருந்து மின்சாரம் கொடுப்பதற்கென்று இருக்கும் ஜம்ப் முனையில் கேபிள் கொடுத்துத்தான் கிளப்பினோம். ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்ற வேண்டியதில்லை என்பதால் கொஞ்சம் மின்சாரமே போதுமாக இருந்தது, உடனே 'ரெடி' விளக்கு வந்துவிட்டது. மறுநாளே கைக்கடக்கமான ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று வாங்கிவிட்டேன். அதை முன்சீட்டுப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். பேட்டரி இறங்கினால் மின்சாரத்தில் திறக்கும் டிக்கி திறக்காது. நிறுத்திய வண்டிக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதாக இருந்தாலும் வண்டியை 'ரெடி'யில் வைத்துக் கேளுங்கள், திறந்த வெளியில் மட்டும். அப்போதுதான் பெரிய பேட்டரி சின்னதற்குச் சார்ஜ் கொடுக்கும்.

மூன்றாம் வருடம் இன்னொரு பாடம். கோடையில் சீட்டுக்கு அடியிலிருந்து விசிறிச் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. ஹைப்ரிட் பேட்டரி முன்சீட்டுகளுக்குக் கீழே இருக்கிறது, அதைக் குளிர்விக்கும் காற்று வண்டிக்குள்ளிருந்தே ஒரு சின்னச் சல்லடை வழியாகப் போகிறது. டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். சல்லடை முழுக்க சாம்பல் நிறப் பஞ்சு மாதிரி தூசி, போர்வை நூல், ஒரு குழந்தைச் சாக்ஸ் அதன் மேல் ஒட்டி உட்கார்ந்திருந்தது. வாக்வம் போட்டு, ஃபில்டரைக் கழற்றித் தட்டி மாட்டினேன். கால் மணி நேர வேலை, சத்தம் நின்றுவிட்டது. மூன்று வருடமாகச் சர்வீஸுக்கு விட்ட இடத்தில் ஒருவர்கூட இதைப் பற்றிச் சொல்லவில்லை, எனக்கு அதில் இன்றுவரை வருத்தம். பேட்டரிக்குச் சூடுதான் எதிரி. குழந்தைகளும் செல்லப்பிராணியும் ஏறுகிற வண்டியில் 6 மாதத்துக்கு ஒரு முறை இந்தச் சல்லடையைப் பார்த்தே ஆக வேண்டும்.

பேட்டரி சீக்கிரம் போய்விடுமா என்று கேட்பவர்களுக்கு: இந்த வண்டிகள் பேட்டரியை முழுக்க நிரப்புவதும் இல்லை, முழுக்க வடிப்பதும் இல்லை. நடு அளவிலேயே வைத்துக்கொள்ளும். முன்பு 'நிரம்பிவிட்டது' என்று சொன்னதும் அந்த மேல் வரம்பைத்தான். ஆயுள் நீள்வது அதனால்தான். 4 வருடத்தில் எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

பிரேக் பேட் 80,000 கிலோமீட்டரில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. பெரும்பாலான வேகத்தை மோட்டாரே குறைத்துவிடுவதால் பேடுக்கு வேலை குறைவு. வேலை குறைந்தால் துரு கூடும், அதையும் பார்த்துவிட்டேன். மழைக்காலத்துக்குப் பிறகு பின்சக்கர டிஸ்க்கில் ஓரம் முழுக்கத் துரு வளையம், பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் ஊசி (pin) ஒன்று இறுகிப்போயிருந்தது. வருடத்துக்கு ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடச் சொல்லுங்கள். பேட் தேய்ந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று விட்டுவிடுவார்கள்.

ஸ்லைடிங் கதவு அம்மாவுக்கு வரம், ஆனால் கீழ்த் தண்டவாளத்தில் மணல் சேர்ந்தால் பாதியில் திரும்பிவிடும். பழைய டூத் பிரஷ் போதும். டயர் இந்த எடைக்குச் சீக்கிரம் தேய்கிறது. மாற்றும்போது உருளும் எதிர்ப்பு குறைந்த ரகம் கேட்டு வாங்கினேன், கேட்காமல் வாங்கியிருந்தால் மைலேஜ் இறங்கியிருக்கும்.

வெளியிலிருந்து சார்ஜ் போடும் பிளக்-இன் ஹைப்ரிட் வாங்கியிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வீட்டில் சார்ஜ் போட வசதி இருந்து, தினமும் 40, 50 கிலோமீட்டருக்குள் ஓட்டம் என்றால் நிச்சயம் அதுதான் நல்லது. ஆனால் 15 கிலோவாட்-மணி அளவுள்ள பேட்டரிக்கு இடம் வேண்டும். சில மாடல்களில் நடுவரிசை சீட் தரைக்குள் மடங்கும் குழியே பேட்டரிக்குப் போய்விடுகிறது. எங்கள் வண்டியின் பேட்டரி அதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், வெறும் மின்சாரத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகாது. அப்படி ஓட்டுவதற்கான 'ஈவி' பொத்தானை கராஜுக்குள் நகர்த்தும்போது மட்டும்தான் தொடுகிறேன்.

பழைய ஹைப்ரிட் வேன் வாங்க யோசிப்பவர்கள் ஓடோமீட்டரைப் பார்ப்பதற்கு முன் முன்சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், சல்லடை எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு ஏசியைப் போட்டு 20 நிமிடம் நிறுத்தி வைத்து, எஞ்சின் எத்தனை முறை எழுகிறது என்று எண்ணுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்தால் பேட்டரியைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கடைசியாக, வீட்டில் முழங்கால் வலி இருப்பவர் யாராவது இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கை கொடுக்காமல் ஓரமாக நின்று, அவர் எப்படி ஏறுகிறார் என்று மட்டும் பாருங்கள்.