தமிழில் பேசியே தட்டச்சு: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மொழிபெயர்ப்பு வேலை என்பதால் நாள் முழுக்கத் தமிழ்தான் அடிக்கிறேன். கணினியில் தமிழ்99. சென்னையில் 1999இல் நடந்த தமிழிணைய மாநாட்டில் பிறந்த அந்த விசைப்பலகையை இன்றும் விட மனமில்லை. கைபேசியின் சின்னத் திரையில் மட்டும் எனக்கு அது சரிப்படவில்லை. மணிக்கட்டு வலியும் சேர்ந்துகொண்டது. கூகுள் 2017 ஆகஸ்டில் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்திருந்ததால், மைக் பொத்தானுக்கு மாறினேன். பிறகு வேறு செயலிகளையும் பார்த்துவிட்டேன். இனி சொல்வது எல்லாவற்றுக்கும் பொது.

புதிதாகப் பயன்படுத்துவோர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார்கள். அது பலன் தராது. நம் பேச்சில் ர, ற இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ன, ண வேறுபாடும் பலர் வாயில் தேய்ந்துவிட்டது. காதால் பிரிக்க முடியாததைப் பக்கத்துச் சொற்களை வைத்துத்தான் இயந்திரம் ஊகிக்கிறது. ‘அறை’ என்று மட்டும் சொன்னால் ‘அரை’ என்று விழும். நிறுத்தாமல் ‘அறை வாடகை எவ்வளவு’ என்று முடித்தால், விழுந்த ‘அரை’ கண்ணெதிரே ‘அறை’ ஆகிவிடும். வாக்கியத்தை மனதில் முடித்துக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

ஒற்றுதான் தீராத தலைவலி. ‘வீட்டுக்குப் போனேன்’ என்றால் அந்த ‘ப்’ பல நேரம் வராது. அச்சுக்குப் போகும் எதையும் திருத்தாமல் அனுப்புவதில்லை.

பேச்சுத்தமிழ் ஓரளவு எடுபடுகிறது. ‘வந்துட்டேன்’ அப்படியே வருகிறது. வட்டார வழக்கு என்றால் தடுமாற்றம். திருநெல்வேலிப் பேச்சு பேசும் அம்மா, போனிடம் மட்டும் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசுகிறார். கண்ணாடி போடாமல் தேட முடிகிறது என்பதில் அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதற்காக அவர் தன் பேச்சையே மாற்றிக்கொள்ள வேண்டியிருப்பது எனக்கு உறுத்துகிறது. பேசித் தட்டச்சு செய்வதை இயல்பான வழி என்று முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மிக்ஸி ஓடும்போதும், பேருந்திலும், பணம் பற்றிய செய்திக்கும் மைக்கைத் தொடுவதில்லை. அப்போது திரையில் விரலால் எழுதும் வசதிக்குப் போய்விடுவேன். வேகம் குறைவு, ஆனால் ஆழ்வார்குறிச்சி மாதிரி ஊர்ப்பெயர்களுக்கு அதுதான் நம்பகம்: ‘ழ்’, ‘றி’ இரண்டையும் நானே எழுதிவிடுகிறேன், ஒலியை வைத்து இயந்திரம் ஊகிக்க வேண்டியதில்லை.