காணாமல் போன 36 நிமிடங்கள்

பெட்டி அழகாகத்தான் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருநீலத் துணி ஒட்டிய கனமான அட்டை, பொன்னிற எழுத்து, உள்ளே மூன்று டிவிடி, நடிகர்களின் படங்களோடு ஒரு சிறு புத்தகம். வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை நான்கு முறை முழுவதும் பார்த்துவிட்டேன். வாங்கிய புதிதில் யாராவது கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன். இப்போது கேட்டால், பணம் கொடுக்கும் முன் பெட்டியின் பின்பக்கத்தை நிதானமாகப் படியுங்கள் என்பேன்.

தொடரின் பெயரும் டிவிடியை வெளியிட்ட நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டாம். பிரிட்டனில் எடுத்த ஆறு பாகத் தொடர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடக்கும் கதை: கடனில் மூழ்கிய ஒரு பெரிய வீடு, மணமாகாத இரண்டு சகோதரிகள், அவசியத்துக்குக்கூட வாய் திறக்காத ஒரு வழக்கறிஞர். பீரியட் டிராமா என்று சொல்கிற இந்த வகைத் தொடர்களை விடாமல் பார்ப்பவர்களுக்கு இதைக் கேட்டதுமே பத்துப் பெயர்கள் நினைவுக்கு வரும்.

தொலைக்காட்சியில் முதலில் பார்த்தபோது எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. பல ஆண்டுகள் கழித்து டிவிடி கிடைத்ததும் வாங்கினேன். முதல் முறை போட்டுப் பார்த்தபோதே ஏதோ இடித்தது. எது என்று சொல்லத் தெரியவில்லை. சிறு வயதில் ஓடி விளையாடிய வீட்டுக்கு வளர்ந்த பிறகு போனால் முற்றம் சுருங்கிவிட்டது போலத் தோன்றுமே, அப்படித்தான் இதுவும் என்று நினைத்துக்கொண்டேன். குறை என் நினைவில்தான் என்று முடிவு செய்து, பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டேன்.

இரண்டாம் முறை என் தங்கையோடு உட்கார்ந்து பார்த்தேன். அவளுக்குக் கதை புதிது. ஐந்தாம் பாகத்தில் மூத்த சகோதரி வழக்கறிஞரின் மேசை இழுப்பறையைத் திறக்கிறாள். உள்ளே ஒரு பழைய கையுறை. அதை எடுத்துப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். எனக்குக் கண் கலங்கியது. தங்கை திரும்பி, "அக்கா, இது யாருடைய கையுறை?" என்றாள்.

"அவளுடையதுதான்."

"அது எப்படி இங்கே வந்தது?"

சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திவிட்டேன். இரண்டாம் பாகத்தில் அவள் மழையில் நனைந்து அவர் அலுவலகத்துக்கு வருகிறாள்; பேசிவிட்டுப் போகும்போது கையுறையை மறந்துவிடுகிறாள். அவர் கூப்பிடுவதில்லை. அதை எடுத்து, பிழிந்து, கணப்புக்கு அருகே விரித்துக் காயவைக்கிறார். விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டு இழுப்பறையில் வைக்கிறார். ஒன்றரை நிமிடம் இருக்கும். ஒரு வார்த்தை கிடையாது. தொலைக்காட்சியில் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று இரவே இரண்டாம் பாகத்தை மறுபடி ஓட்டினேன். அவள் வெளியே போகிறாள், கதவு சாத்துகிறது, அடுத்த நொடி வேறு ஊரில் குதிரை வண்டி ஓடுகிறது. கையுறை எங்குமே இல்லை.

அதன் பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒளிபரப்பில் ஒவ்வொரு பாகமும் 58 நிமிடம். டிவிடியில் 52. ஆறு பாகத்துக்கு ஆறு ஆறாக 36 நிமிடம் காணவில்லை.

இந்த விஷயங்களில் விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் சமாதானம் சொன்னார். சினிமாப் படம் வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள், ஓடுகிறது. ஐரோப்பாவின் 'பால்' (PAL) என்னும் ஒளிபரப்பு முறைத் தொலைக்காட்சி 25 ஃபிரேம் ஓடுகிறது. அதனால் படத்தை அந்த முறைக்கு மாற்றும்போது 4 சதவீதம் வேகமாக ஓடி முடிந்துவிடும், குரல்களும் கொஞ்சம் உயர்ந்து ஒலிக்கும், எதையும் வெட்டியிருக்க மாட்டார்கள் என்றார். இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். பிறகு கணக்குப் போட்டால் 58 நிமிடத்தில் 4 சதவீதம் இரண்டேகால் நிமிடத்தைச் சற்றே தாண்டுகிறது, ஆறு வரவில்லை. அதைவிட, பிரிட்டனில் தொலைக்காட்சிக்கென்று எடுக்கும் தொடர்களைப் பெரும்பாலும் 25 ஃபிரேமிலேயேதான் படம்பிடிப்பார்கள். அப்படி எடுத்ததை வேகப்படுத்தத் தேவையே இல்லை. வேகம் கூடினாலும் கையுறை காணாமல் போகாது என்பது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

தட்டில் இடம் போதாமல் வெட்டியிருப்பார்களோ என்றும் யோசித்தேன். இரட்டை அடுக்கு டிவிடியில் 8.5 ஜிகாபைட் பிடிக்கும். மூன்று மணி நேரப் படத்தை நல்ல தரத்தில் அதில் தாராளமாக வைக்கலாம். 58 நிமிடப் பாகங்கள் மூன்று சேர்ந்தால் 174 நிமிடம். மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு தட்டில் ஆறு பாகமும் வெட்டாமல் உட்கார்ந்திருக்கும். விஎச்எஸ் கேசட் காலத்திலாவது நாடாவின் நீளத்தைக் காரணம் காட்ட முடிந்தது.

உண்மையான காரணம் சாதாரணமானது. பிபிசி தன் நாட்டில் விளம்பரம் போடுவதில்லை; அதனால் ஒரு மணி நேரத் தொடர் ஏறக்குறைய ஒரு மணி நேரமே ஓடும். அதே தொடரை விளம்பரம் போடும் வெளிநாட்டு நிலையத்துக்கு விற்கும்போது அந்த நிலையத்தின் நேரத்துக்குள் அடங்கவேண்டும். எனவே ஏற்றுமதிக்கென்று குறைத்த பிரதி ஒன்று தயாராகும். பிற்பாடு டிவிடி உரிமையை வாங்குகிறவர் கைக்கு எந்தப் பிரதி வருகிறதோ அதுவே தட்டில் ஏறிவிடும். என் பெட்டியில் இருப்பது அப்படிப்பட்ட பிரதி என்பதுதான் என் முடிவு. ஒவ்வொரு பாகத்திலும் பதின்மூன்று, பதினான்கு நிமிடத்துக்கு ஒரு முறை திரை ஒரு கணம் முழுக்கக் கறுத்துத் திரும்புகிறது. யாருமே விளம்பரம் போடாத தட்டில் விளம்பரத்துக்கான இடைவெளி மட்டும் பத்திரமாக இருக்கிறது.

வெட்டும் கை எதைத் தேடிப் போகிறது என்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கதை நகரும் வசனத்தில் கை வைத்தால் பார்ப்பவனுக்குப் புரியாமல் போகும். எனவே யாரும் பேசாத நேரம்தான் முதலில் பலியாகிறது. கடிதத்தை மடித்து அரக்கு உருக்கி முத்திரை வைப்பது, வேலைக்காரி விடியலில் கணப்புச் சாம்பலை அள்ளுவது, ஒருத்தி நீண்ட கூடத்தைக் கடந்து கதவு வரை நடந்து தயங்கி நிற்பது. இவற்றை எடுத்துவிட்டால் கதைச் சுருக்கம் அப்படியே இருக்கும். ஆனால் நான் இந்தத் தொடர்களைப் பார்ப்பதே அந்தத் தயக்கத்துக்காகத்தான். கதை வேண்டுமென்றால் நாவலைப் படித்துக்கொள்வேன். 1981-இல் பிரிட்டனின் ஐடிவி நிலையத்தில் வந்த 'பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்' 11 பாகம், ஏறத்தாழ 11 மணி நேரம். அதன் மூல நாவல் ஒன்றும் பெரிய புத்தகமில்லை. அந்தத் தொடரைப் பாகத்துக்கு ஆறு நிமிடம் குறைத்தால் என்ன மிஞ்சும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

மூன்றாம் முறை பார்த்தபோது தழும்புகளைத் தேடித்தான் பார்த்தேன். தேடினால் நிறையவே கிடைத்தன. பின்னணியில் ஒரு வயலின் மெல்ல ஏறிக்கொண்டே போய், உச்சத்தைத் தொடும் முன் சட்டென்று அறுந்து, வேறொரு சுரத்தில் தொடர்கிறது. நான்காம் பாகத்தில் ஒரு சப்டைட்டில் அரை நொடி மின்னி மறைகிறது. திரையில் பேச யாரும் இல்லை, வெறும் வயல்வெளி. நிறுத்தி, பின்னால் ஓட்டிப் படித்தேன். 'அம்மாவிடம் சொல்லாதே' என்று இருந்தது. யார், யாரிடம், எதைச் சொல்லவேண்டாம் என்றார்கள்? முழுப் பிரதிக்கு எழுதிய சப்டைட்டிலைச் சுருக்கும்போது யாரோ ஒரு வரியைத் துடைக்க மறந்திருக்கிறார்கள்.

பெயர்ப் பட்டியலில் மட்டும் ஒரு நொடி குறையவில்லை. நான்காம் பாகத்தின் முடிவில் 'தபால்காரர்' என்று ஒரு நடிகரின் பெயர் வருகிறது. டிவிடியில் தபால்காரர் எந்தப் பாகத்திலும் வருவதில்லை.

எல்லா வெட்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமில்லை என்பதும் தெரியும். பிரிட்டனில் 1937-இல் இயற்றிய ஒரு சட்டம், விலங்குகளை வதைத்து எடுத்த காட்சிகளைத் திரையிடத் தடை விதிக்கிறது. கால்தடுக்கக் கம்பி கட்டிக் குதிரையை விழவைத்த பழைய காட்சிகளைத் தணிக்கையில் நீக்குவது அதனால்தான். அந்த வெட்டில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. பாட்டுரிமையும் அப்படித்தான். அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் நடக்கும் அமெரிக்கத் தொடரான 'தி வொண்டர் இயர்ஸ்' 1993-இல் முடிந்தது. அதில் ஒலித்த பாடல்களுக்கெல்லாம் உரிமை வாங்க வேண்டியிருந்ததால் 2014-இல்தான் டிவிடியாக வந்தது. தாமதமானாலும் காரணம் புரிகிறது. என் பெட்டியில் யார் உரிமையும் குறுக்கே நிற்கவில்லை, குதிரை ஒன்றும் விழவில்லை.

பாகங்களை ஒட்டிவிடுவது இன்னொரு பழக்கம். 'டவுன்டன் அபி'யின் முதல் பருவம் 2010-இல் பிரிட்டனில் ஏழு பாகமாக ஒளிபரப்பானது. அமெரிக்காவின் பிபிஎஸ் அதை 2011 தொடக்கத்தில் நான்கு நீண்ட பாகமாகக் காட்டியது. ஒரு பாகம் எங்கே முடியவேண்டும் என்று எழுதியவர் நினைத்தாரோ, அந்த இடம் ஒட்டலில் நடுவழியாகிவிடும். ஒரு வாரம் மனதில் கிடந்து உறுத்தவேண்டிய கடைசிப் பார்வை மறு நொடியே அடுத்த காட்சியில் கரைந்துபோகும். ஆனால் அமெரிக்காவில் வந்த அதன் டிவிடியில் 'அசல் பிரிட்டிஷ் பதிப்பு' என்று அட்டையிலேயே அச்சிட்டார்கள். அந்த மூன்று சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பது என்னைப்போல் ஒரு முறை ஏமாந்தவர்களுக்குத் தெரியும். என் பெட்டியில் 'முழுத் தொடர்' என்றுதான் இருக்கிறது. பொய் என்று சொல்ல முடியாது, ஆறு பாகமும் இருக்கின்றனவே!

மூன்றாவது தட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அதில் தொடர் உருவான கதை 45 நிமிடம் ஓடுகிறது. வெட்டியது 36, சேர்த்தது 45. போகட்டும் என்று அதையும் பார்த்தேன். நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். நடுவில் உடை வடிவமைப்பாளர் உட்கார்ந்து, அந்தக் காலத்துக் கையுறைகளை எப்படித் தைத்தார்கள், நனைந்தால் தோல் எப்படிச் சுருங்கும், நடிகர் அதை நீவிவிடப் பழகுவதற்காக எத்தனை ஜோடி செய்து கொடுத்தார் என்றெல்லாம் முகம் மலரச் சொல்கிறார். பேச்சுக்கு நடுவே அந்தக் காட்சியின் துண்டு ஒன்றும் வருகிறது. நான்கு நொடி. கணப்பு வெளிச்சம், ஒரு கை, ஒரு கையுறை. பெட்டிக்குள் இருக்கிற மூன்று தட்டில் அந்தக் காட்சிக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். தங்கையைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். "அட, காயவைத்தாரா!" என்றாள்.

மற்றபடி தட்டுகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பது ஆண்டில் ஒரு கீறல் விழவில்லை, ஒரு முறைகூட நின்று நின்று ஓடவில்லை. படமும் தெளிவு, ஒலியும் தெளிவு. அதுதான் எரிச்சலைக் கூட்டுகிறது. இவ்வளவு கவனமாகச் செய்யத் தெரிந்தவர்கள் சரியான பிரதியைக் கேட்டு வாங்கியிருக்கலாம்.

சென்ற ஆண்டு பிரிட்டிஷ் பதிப்பைத் தேடிப் பிடித்தேன். டிவிடிகளை உலகின் மண்டலங்களுக்கு ஏற்பப் பூட்டி விற்பார்கள்; இது இரண்டாம் மண்டலத்துத் தட்டு. மண்டலப் பூட்டு இல்லாத பிளேயர் இருந்ததால் பிழைத்தேன். ஆனால் இம்முறை வாங்கும் முன் ஒரு வேலை செய்தேன். பிரிட்டனின் திரைப்படத் தணிக்கை அமைப்பான பிபிஎஃப்சி, தான் சான்றளித்த வீடியோக்களின் ஓடும் நேரத்தை நிமிடம், நொடி வரை தன் இணையதளத்தில் தருகிறது. அதில் பாகம் பாகமாகக் கூட்டிப் பார்த்துக்கொண்டுதான் வாங்கினேன். அட்டையில் 'சுமார்' என்று போட்டிருக்கும் எண்ணை நான் இனி நம்புவதாக இல்லை.

நான்கு மாலை உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிட்டு ஒரு நோட்டில் குறித்தேன். காணாமல் போன 36 நிமிடத்தில் 20 நிமிடத்துக்கு மேல் யாரும் பேசாத நேரம். 'அம்மாவிடம் சொல்லாதே' என்றவள் இளைய சகோதரி, சொன்னது தபால்காரரிடம். அவர் இரண்டு நிமிடம் வருகிறார், நல்ல நடிகர்.

பிரிட்டிஷ் பதிப்பின் உறை மெல்லிய பிளாஸ்டிக், மூடி சரியாகப் பொருந்தாது, அட்டைப் படமும் மங்கல். எனவே அந்தத் தட்டுகளை நீலப் பெட்டிக்கு மாற்றிவிட்டேன். உருவான கதையைச் சொல்லும் மூன்றாவது தட்டு அங்கேயே இருக்கிறது. வெட்டுப்பட்ட இரண்டும் மங்கலான பிளாஸ்டிக் உறைக்குள் போயின. தங்கை அதன் மேல் ஒரு தாளை ஒட்டி, '312 நிமிடம், கையுறை இல்லை' என்று எழுதி வைத்திருக்கிறாள்.