தாரமங்கலமா, ஏற்காடா, தோட்டத்து வீடா? கேண்டிட் படத்துக்கு எந்த இடம்?

முகூர்த்தத் தேதி குறித்த கையோடு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது: "அண்ணா, எங்க வச்சா படம் நல்லா வரும்?"

சேலத்தில் 14 வருடமாகக் கல்யாணம் எடுக்கிறேன். முதல் ஐந்து வருடம் ஸ்டேஜில் வரிசையாக நிறுத்தி, "இங்க பாருங்க" சொல்லி எடுத்த டிரெடிஷனல்காரன். பிறகு கேண்டிட்டுக்கு வந்தேன். யாரையும் நிறுத்தாமல், எதையும் திரும்பச் செய்யச் சொல்லாமல், நடப்பதை நடக்கிறபடி எடுக்கிற வேலை. மண்டபம் வேண்டாம், பழமையான இடமாகவோ கிராமத்து இடமாகவோ வேண்டும் என்பவர்களுக்கு எங்கள் பக்கம் மூன்று வழி உண்டு.

இப்போது அதிகம் பேர் கேட்பது ஏற்காட்டு எஸ்டேட் பங்களா. அழகில் குறை சொல்ல முடியாது. சுமார் 1,500 மீட்டர் உயரம், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, அடியில் காபிச் செடி. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்த காலத்தை நினைவுபடுத்தும் பழைய கட்டடங்கள் இன்னும் இருக்கின்றன. கோடை மழை ஒன்று விழுந்தால் பத்து நாளுக்குள் காபி பூத்து மலையே மணக்கும். ஆனால் அந்தப் பூ மூன்று நாலு நாள்தான் நிற்கும். பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த தேதிக்கு அது காத்திருக்காது.

மர நிழலில் இன்னொரு சங்கடம். இலை வழியாக இறங்கும் வெளிச்சத்தில் பச்சை கலந்திருக்கும்; மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி முதல் பெண்ணின் கன்னம் வரை அது படியும். கணினியில் ஓரளவு சரிசெய்யலாம், முழுக்க முடியாது. பனிக்குளிரில் இருந்த கேமராவைச் சட்டென்று ஹோமம் நடக்கும் அறைக்குள் கொண்டுபோனால் லென்ஸ் வியர்த்துவிடும். கால் மணி நேரம் பைக்குள்ளேயே மூடி வைத்திருந்து, அறைச் சூட்டுக்குப் பழகிய பிறகு எடுக்க வேண்டும்.

இதெல்லாம் சமாளிக்கக் கூடியது. என்னால் சமாளிக்க முடியாதது 20 கொண்டை ஊசி வளைவு. முட்டி வலிக்கும் பெரியப்பாவும், வண்டியில் ஏறினாலே குமட்டும் ஆயாவும் "நீங்க போயிட்டு வாங்க சாமி" என்று கீழேயே நின்றுவிடுகிறார்கள். வராதவர்களை எந்த லென்ஸாலும் எடுக்க முடியாது. வந்தவர்களுக்கும் அங்கே வேலை எதுவும் இல்லை. சமையல், பரிமாறல், அலங்காரம் எல்லாம் ஆள் வைத்து நடக்கும். சும்மா இருக்கிறவர்கள் கேமராவைப் பார்த்ததும் போஸ் கொடுப்பார்கள். ஒருமுறை பழைய பங்களாவின் வராந்தாவில், தரைவரை இறங்கிய ஜன்னல்களில் பால்போல வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அலங்காரத்துக்கு வந்தவர்கள் அதைத் திரையால் மூடி, ஊதா எல்இடி போட்டார்கள். பெண்ணின் அம்மா அழுத முகம் முழுக்க ஊதா. அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கித்தான் கொடுத்தேன். இன்றுவரை மனசு ஆறவில்லை.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் வேறு மாதிரி. இந்தப் பக்கத்தை ஆண்ட குறுநிலத் தலைவர்களான கெட்டி முதலிகள் கட்டிய, 17ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு நிறைந்த கோயில். மேற்குப் பார்த்த வாசல் என்பதால் காலை முகூர்த்தத்துக்கு வாசல் வெளிச்சம் உதவாது. விடிவதற்கு முந்தைய முகூர்த்தம் என்றால் விளக்கும் டியூப் லைட்டும்தான். கருங்கல் இருக்கிற வெளிச்சத்தையும் குடித்துவிடும். நான் ஃபிளாஷ் போடுவதில்லை. கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 6400 வரை தயங்காமல் ஏற்றுவேன். ஷட்டரை 100இல் ஒரு பங்கு வினாடியில் நிறுத்தினால் எல்இடி விளக்கின் துடிப்பு படத்தில் பட்டையாக விழாது. படத்தில் புள்ளி தெரிந்தால் தெரியட்டும். அந்த இருட்டும் அந்த இடத்தின் பகுதிதான்.

அங்கே வாலி, சுக்ரீவன் சண்டையும் மறைந்து நிற்கும் ராமரும் செதுக்கிய தூண்கள் உண்டு. ராமர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவார். வாலி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ராமர் தெரியமாட்டார். கேண்டிட் எடுப்பவன் எங்கே நிற்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது அந்தத் தூண்களிடம்தான்.

ஒரு கல்யாணத்தில் கெட்டி மேளம் கொட்டுகிறது, எல்லாரும் அட்சதை போடுகிறார்கள். பெண்ணின் அப்பா மட்டும் தாலியைப் பார்க்கவில்லை. சந்நிதிப் பக்கம் திரும்பி, தூணில் ஒரு கையை ஊன்றி நின்றார். உள்ளங்கை முழுக்கக் கல்லில் பதிந்திருந்தது. விரலிடுக்கில் மஞ்சள் அரிசி. 85 எம்எம் லென்ஸில், எதிர்த் தூணுக்குப் பின்னால் நின்று எடுத்தேன். கோயிலில் மனிதர்கள் சாமியைப் பார்ப்பார்கள், நம்மைப் பார்க்க மாட்டார்கள். அதுதான் அதன் பலம்.

பலவீனம் நேரம். முகூர்த்த நாளில் அடுத்த ஜோடி மாலையோடு காத்திருக்கும். கோயிலில் முன்கூட்டி எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், கருவறைப் பக்கம் கேமராவைத் தூக்கவே கூடாது. தாலி ஏறியதும் கூட்டம் சாப்பாட்டுக்கு வேறு இடம் கிளம்பிவிடும். கதை பாதியில் அறுந்துபோகும்.

என்னைக் கேட்டால் தோட்டத்து வீடுதான். வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்பு, சங்ககிரிப் பக்கம் தென்னைக்கு நடுவில் ஓட்டு வீடு, திண்ணை, முன்னால் நெல் காயப்போடும் களம். முதல் நாள் சாயங்காலமே போய்விடுவேன். சித்தப்பா பூசணிக்காய் நறுக்குவார், அத்தைகள் திண்ணையில் பூக் கட்டுவார்கள், பையன்கள் வாழை மரம் தூக்கி வருவார்கள். ஒரு மணி நேரத்தில் என்னையும் ஒரு வேலைக்காரனாக எடுத்துக்கொள்வார்கள். "தம்பி, அந்தக் குடத்தை இப்படி நகர்த்து" என்று யாராவது சொன்னால் அன்றைக்குப் படம் நன்றாக வரும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

சங்ககிரிப் பக்கத்து வீடு ஒன்றில் இணைச்சீர், மாப்பிள்ளைக்கு அவன் கூடப்பிறந்தவள் செய்கிற கொங்குச் சீர். மண்டபத்தில் வீடியோக்காரர் "இப்படித் திரும்புங்க" என்று பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிற சடங்கு. இங்கே அவசரமில்லை. சீர்க்கூடையான பேழைமூடியைத் தலையில் தாங்கி நின்ற அக்காவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மாப்பிள்ளையான தம்பி அதைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே ஒரு கையை நீட்டி அடியில் தாங்கிக்கொண்டான். சுண்ணாம்பு அடித்த சுவரில் பட்டுத் திரும்பிய காலை வெயில் இருவர் முகத்திலும் இருந்தது. அதற்கு மேல் எந்த லைட்டும் தேவைப்படவில்லை.

இங்கேயும் கவனிக்க வேண்டியவை உண்டு. பந்தலுக்குச் சிவப்பு, மஞ்சள் துணி கட்டினால் வெயில் ஏறியதும் எல்லார் முகமும் அந்த நிறம்தான். வெள்ளைத் துணி கேளுங்கள். தென்னங்கீற்று என்றால் இரண்டு அடுக்காக வேயச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முகத்தில் வெயில் புள்ளி புள்ளியாக விழும். ஜெனரேட்டரை வீட்டுக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் களம் சேறாகும். தை, மாசி நல்லது.

எந்த இடமானாலும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் முகூர்த்த நேரத்திலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். போகும்போது ஆயாவையும் கூட்டிப் போங்கள். அவர் எங்கே சௌகரியமாக உட்காருகிறார் என்று பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்லுங்கள்.