எச்சரிக்கை: இரண்டு எஸ்எம்பிஎஸ் இருந்தால் மட்டும் அது ரிடண்டன்ட் பேனல் ஆகிவிடாது

கட்டுப்பாட்டுப் பேனல் வாங்கவிருக்கும் பராமரிப்புப் பிரிவினர் இறுதித் தவணையைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். பெருந்துறைப் பகுதியில் நான் பணிபுரியும் சாயத்தொழிற்சாலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு, ஒரு மின்வழங்கி (எஸ்எம்பிஎஸ்) பழுதானாலும் 24 வோல்ட் டிசி அறுந்துபோகாத, அதாவது ரிடண்டன்ட் ஆன, பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) பேனல் வேண்டும் என்று எழுத்துப்பூர்வமாகவே கேட்டிருந்தோம். பேனல் செய்து கொடுத்த நிறுவனம் இரண்டு 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ்களுக்கும், அவற்றை இணைத்து, ஒன்றின் மின்சாரம் மற்றொன்றுக்குள் பாயாமல் தடுக்கும் ரிடண்டன்சி மாட்யூலுக்கும் தனித்தனியாக விலை வாங்கியது. அந்த மாட்யூல் வரைபடத்தில் இருந்தது, பில்லில் இருந்தது, பேனலுக்குள் இல்லை.

உத்தரவாதக் காலம் முடிந்த சில மாதங்களில் ஓர் எஸ்எம்பிஎஸ்ஸின் வெளியீட்டுப் பகுதி உள்ளுக்குள் ஷார்ட் ஆனது. இரண்டின் வெளியீடுகளையும் ஒரே டெர்மினலில் நேரடியாகச் சேர்த்திருந்ததால், நல்ல நிலையில் இருந்த மற்றொன்றின் மின்னோட்டமும் அந்த ஷார்ட்டுக்குள்ளேயே பாய்ந்து, அதுவும் தற்காப்புக்காக அணைந்துவிட்டது. இடையில், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடோ மாஸ்ஃபெட்டோ கொண்ட அந்த மாட்யூல் இருந்திருந்தால் மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்திருக்காது. பிஎல்சி நின்றது, ஆர்ஓ உயரழுத்தப் பம்பு நின்றது, நிறுத்தும்போது கழுவிவிட வேண்டிய மெம்பிரேன்கள் செறிந்த உப்பு நீரிலேயே ஊறிக் கிடந்தன.

பேனலைத் திறந்து பார்த்தபோதுதான் மற்றவையும் தெரியவந்தன. இரண்டு எஸ்எம்பிஎஸ்களுக்கும் ஒரே யுபிஎஸ்ஸிலிருந்து, ஒரே எம்சிபி (மின் பாதுகாப்பு சுவிட்ச்) வழியாக மின்சாரம் வந்தது. அந்த எம்சிபி விழுந்தாலே எல்லாம் போயிருக்கும். கிளாம்ப் மீட்டரில் மொத்த லோடு ஏறத்தாழ 14 ஆம்பியர் காட்டியது. ஒன்று போனால் மற்றொன்று தனியாக முழு லோடையும் தாங்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை என்னும்போது, 10 ஆம்பியர் மின்வழங்கிகளைத் தேர்ந்தெடுத்ததே தவறு. வெளியீட்டு வோல்டேஜையும் சமமாக அமைக்கவில்லை. சற்றே உயர்ந்த வோல்டேஜில் இருப்பது தன் வரம்பு வரை லோடைத் தானே சுமக்கும். பழுதானதும் அப்படிச் சுமந்ததுதான். அதிக லோடைச் சுமப்பது அதிகம் சூடாகும்; இயக்க வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் அதனுள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேனல் தொழிலில் இருப்பவர்கள் அறியாததல்ல.

பேனல் செய்த நிறுவனத்திடம் விளக்கம் கேட்டபோது, டயோடில் வோல்டேஜ் குறையும் என்பதால் மாட்யூலைத் தவிர்த்தோம் என்றார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் குறைவு அரை வோல்ட் அளவுதான். 24 வோல்ட் பிஎல்சி சாதனங்கள் பொதுவாக 20.4 முதல் 28.8 வோல்ட் வரை இயங்கும். எஸ்எம்பிஎஸ்ஸிலேயே வோல்டேஜைச் சற்று உயர்த்தித் திருகி வைக்கவும் முடியும். பொருத்தாத பொருளுக்கு வாங்கிய பணத்தை இன்றுவரை திருப்பித் தரவில்லை. புதிதாக மாட்யூல் பொருத்த மீண்டும் ஒரு விலைப்பட்டியலைத்தான் அனுப்பினார்கள்.

ஒப்படைப்புச் சோதனையில் இரு எஸ்எம்பிஎஸ்களிலும் பச்சை விளக்கு எரிவதைக் காட்டிக் கையெழுத்து கேட்பார்கள். அது எதையும் நிரூபிக்காது. முழு லோடும் ஓடும்போது ஓர் எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளீட்டை அணைத்து, மற்றது வெப்பநிலை நிலைபெறும்வரை தனியாகத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மாற்றியும் செய்ய வேண்டும். அணைத்த எஸ்எம்பிஎஸ்ஸின் வெளியீட்டு டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். அங்கே இன்னும் 24 வோல்ட் நின்றால், பின்னோட்டத்தைத் தடுக்க இடையில் எதுவும் இல்லை என்று பொருள். அந்நிலையில் பல மாடல்களில், வெளியீடு சரியாக இருப்பதைக் காட்டும் டிசி ஓகே விளக்குகூட அணையாது, ஆகவே பழுது வெளியே தெரியாமலே இருக்கும். டிசி ஓகே ரிலேவின் தொடர்பு பிஎல்சி உள்ளீட்டுக்கு வந்து அலாரம் தருகிறதா என்பதையும் அப்போதே சோதியுங்கள். எங்கள் பேனலில் அந்த டெர்மினல்களில் வயரே இணைக்கப்படவில்லை. இச்சோதனைகளை வாங்கும் ஆணையிலேயே எழுதி, அவை முடியும்வரை இறுதித் தவணையை நிறுத்தி வைக்கும் உரிமையையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.