கேன் வண்டிக்கு ப்ரீபெய்ட் சிம்: ஐந்து லைன் வைத்து ஓட்டிய அனுபவம்

மதுரையில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் சப்ளை செய்கிறோம். இரண்டு குட்டியானை, ஒரு லோடு ஆட்டோ, ஐந்து மொபைல் லைன். ஐந்தும் ப்ரீபெய்ட். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எந்தக் கம்பெனி சிம் வாங்கலாம்?" என்பதுதான். பல வருடம் ஓட்டிய பிறகு என் பதில் ஒன்றுதான்: கம்பெனியை அப்புறம் பார்க்கலாம். சிம் யார் பெயரில் இருக்கிறது, வேலிடிட்டி எந்தத் தேதியில் முடிகிறது, இந்த இரண்டையும் முதலில் சரி செய்யுங்கள். ப்ரீபெய்டில் நமக்கு வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது.

ஐந்து லைனும் ஐந்து விதமாக ஓடுகின்றன. ஒன்று ஆர்டர் நம்பர். வண்டியின் பின்கதவில், கேன் மூடி ஸ்டிக்கரில், வாடிக்கையாளர் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருப்பது அதுதான். மூன்று வண்டிக்கு மூன்று லைன். ஐந்தாவது யாருக்கும் தெரியாத நம்பர்; கடை மேசைக்குள் ஒரு பட்டன் ஃபோனில் கிடக்கும். வங்கி, ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று ஓடிபி கேட்கும் எல்லாம் அந்த நம்பரில்தான். ஆர்டர் நம்பர் எப்போதும் யாராவது ஒருவர் கையில் இருக்கும். கடையில் மாறி மாறி ஆள் உட்கார்ந்து எடுக்கிற ஃபோனில் வங்கி ஓடிபி வருவது நல்லதில்லை. அதனால்தான் பிரித்தோம்.

முன்பெல்லாம் இந்தக் கணக்கே வேறு. லைஃப்டைம் சிம் ஒன்று போட்டால் இன்கமிங் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். பேச்சுக் கட்டணத்தைக் குறைக்கும் ரேட் கட்டர் போட்டு, பத்து ரூபாய் ஈசி ரீசார்ஜில் நாளை ஓட்டலாம். வாடிக்கையாளர்கள் மிஸ்டு கால் கொடுப்பார்கள்; நம்பரைப் பார்த்தே எந்த வீடு, எத்தனை கேன் என்று தெரிந்துவிடும். இரு தரப்புக்கும் காசு செலவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, அழைப்புக்குத் தனிக் காசு என்பது மெல்ல மெல்லப் போன பிறகும் சில பெரியவர்கள் இன்னும் மிஸ்டு கால்தான் கொடுக்கிறார்கள். நான் திருத்தப் போவதில்லை. ஒரு ரிங் என்றால் ஒரு கேன், இரண்டு ரிங் என்றால் இரண்டு. இதைவிடச் சுருக்கமாக எந்தச் செயலியிலும் ஆர்டர் போட முடியாது.

இன்கமிங்குக்கும் காசு என்ற நிலை 2018 கடைசியில் வந்தது. ஏர்டெல் கணக்கில் சொன்னால், அப்போது லைனை உயிரோடு வைக்க 28 நாளுக்கு 35 ரூபாய். 2021 நவம்பரில் குறைந்தபட்சம் 99 ஆனது. 2024 ஜூலையில் 199. அந்த 35-இல் பேசுவதற்குத் தனியாகக் காசு போகும், இந்த 199-இல் அளவில்லாமல் பேசலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஓடிபி மட்டும் வருகிற ஐந்தாவது லைனுக்கு அளவில்லாத பேச்சு எதற்கு? அது பேசவே பேசாது. அதற்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம்.

28 நாள் என்பதுதான் இதில் பெரிய சூட்சுமம். வருடத்துக்கு 12 மாதம், ஆனால் 13 ரீசார்ஜ். 199 ரூபாய் என்றால் வருடத்துக்கு 2,587. சம்பளம், வாடகை, ஆர்ஓ பிளான்ட் பாக்கி எல்லாம் மாதக் கணக்கில் போகும்போது ரீசார்ஜ் மட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் முன்னால் வந்து நிற்கும். 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்ட பிறகு 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் ஒவ்வொரு கம்பெனியும் வைத்தாக வேண்டும். வைத்திருக்கிறார்கள். ஆப்பில் தேடிப் பிடிப்பதுதான் வேலை.

எங்களுக்கு உண்மையிலேயே உதவியது அதற்கு அப்புறம் வந்த மாற்றம். டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் தரும் திட்டம் வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அடுத்த மாதமே திட்டங்கள் வந்தன. ஏர்டெலில் 365 நாளுக்கு 1,849 ரூபாய் என்று வந்தது. ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய் சொச்சம். கடையில் பிராட்பேண்ட் இருக்கிறது. ஆர்டர் நம்பரின் வாட்ஸ்அப் வைஃபையில் ஓடிவிடும். அந்த லைனுக்கு மொபைல் டேட்டா தேவையே இல்லை. 28 நாள் கணக்கோடு பார்த்தால் வருடத்துக்கு 738 ரூபாய் மிச்சம். அதைவிடப் பெரிய லாபம், வருடத்தில் ஒரே ஒரு தேதியை நினைவில் வைத்தால் போதும் என்பது.

தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். ஒரு கோடையில், ஆட்டோ லைனுக்கு, வங்கியிலிருந்து தானாகவே ரீசார்ஜ் பணம் பிடிக்கும் ஆட்டோபே போட்டிருந்தும் பணம் பிடிக்கப்படாமலே வேலிடிட்டி முடிந்தது. கம்பெனியிலிருந்து எச்சரிக்கை எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. ஆனால் அது வந்தது ஆட்டோ ஓட்டும் தம்பியின் ஃபோனுக்கு. லோன் விளம்பரம், லாட்டரி விளம்பரம் என்று ஐம்பது மெசேஜுக்கு நடுவில் அதை அவன் ஏன் திறக்கப் போகிறான்? முதலில் அவுட்கோயிங் நின்றது, அவன் தன் சொந்த சிம்மில் பேசிக்கொண்டான். சில நாளில் இன்கமிங்கும் நின்றது. ஒரு அபார்ட்மெண்ட் செயலாளர் நேராக அவனைத்தான் கூப்பிடுவார். கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். "லைனே போகல தம்பி, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகணும், அதான் வேற ஆளுக்குச் சொல்லிட்டேன்" என்றார் பிறகு. அவர் மேல் தப்பே இல்லை. தண்ணீர் கேனுக்கு யாரும் அரை நாள்கூடக் காத்திருக்க மாட்டார்கள். கஸ்டமர் கேரில் கேட்டதற்கு, பணம் பிடிக்க வங்கி அனுமதிக்கவில்லை என்றார்கள். வங்கியில் கேட்டதற்கு, கோரிக்கையே வரவில்லை என்றார்கள். அந்த விஷயம் அப்படியே நின்றது.

இப்போது ஆட்டோபேயை நம்புவதில்லை. கடைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில், வருடம் பிறந்ததும் என் மனைவி ஐந்து லைனுக்கும் முடிகிற தேதிக்கு இரண்டு தாள் முன்னால் சிவப்புப் பேனாவில் லைனின் கடைசி நாலு எண்ணை எழுதிவிடுவார். காலையில் தாளைக் கிழிக்கிறவர் கண்ணில் படாமல் போகாது. ஐந்துக்கும் ரீசார்ஜ் கடையிலிருந்துதான் போகும். ஓட்டுநர்கள் தாங்களே போட்டுக்கொண்டு பில் கொடுப்பது என்ற பேச்சே இல்லை.

வண்டி லைன்களுக்கு டேட்டா வேண்டும். லொகேஷன் அனுப்ப, க்யூஆர் கோடில் பணம் வந்ததா என்று பார்க்க. 2024 விலையேற்றத்துக்குப் பிறகு ஏர்டெலில் தினம் 1.5 ஜிபி திட்டம் 28 நாளுக்கு 349, 84 நாளுக்கு 859 என்று இருந்தது. மூன்று முறை 349 போட்டால் 1,047. அதனால் 84 நாள்தான் போடுகிறோம். தொழிலுக்கு 1.5 ஜிபி தாராளம். ஆனால் மதியம் சாப்பாட்டு நேரத்தில் வண்டி நிழலில் நின்றால் ரீல்ஸ் ஓட ஆரம்பிக்கும். மூன்று மணிக்கு டேட்டா தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். மேப் பாதி வந்து நிற்கும். சரி, வேலை செய்கிற பையன்கள், மத்தியானம் கொஞ்சம் பார்க்கட்டும். ரீல்ஸுக்கு உன் சிம், மேப்புக்கு நம் சிம் என்று சொல்லியிருக்கிறோம். பாதி நாள் நடக்கிறது.

அடுத்தது பெயர். வேலைக்குச் சேரும் பையன் பெயரிலேயே சிம் எடுத்து, ரீசார்ஜை முதலாளி போடுவது நம் ஊரில் சாதாரணம். அவன் வேலையை விட்டுப் போகும்போது நம்பரும் கூடவே போகும். அதிலிருக்கும் வாடிக்கையாளர்களும்தான். அவன் பக்கத்துத் தெருவில் சொந்தமாகக் கேன் போட ஆரம்பித்தால், நம் ரீசார்ஜில் வளர்ந்த நம்பர் அவனுக்கு முதல் போட்டுக் கொடுத்த மாதிரி. எங்கள் ஐந்து லைனில் மூன்று என் பெயரிலும் இரண்டு மனைவி பெயரிலும் இருக்கின்றன. ஒருவர் பெயரில் ஒன்பது வரை வைத்துக்கொள்ளலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் மட்டும் ஆறு. நம் பெயரில் நமக்கே தெரியாமல் ஏதாவது ஓடுகிறதா என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, நம்முடையது இல்லை என்றால் அங்கேயே புகாரும் செய்யலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் பெயரிலுள்ள சிம்மில் யார் என்ன செய்தாலும் முதல் விசாரணை நம் வீட்டுக்குத்தான் வரும். அதனால் ஆள் மாறும் அன்றே சிம்மைக் கையில் வாங்கி, நம் ஃபோனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, அதில் இணைத்திருக்கும் மற்ற சாதனங்களையும் லாக் அவுட் செய்துவிடுகிறோம். சிம்மை வாங்கினால் மட்டும் போதாது, அவன் பழைய ஃபோனில் வாட்ஸ்அப் அப்படியே ஓடிக்கொண்டிருக்கலாம்.

சிம் பழுதானாலும் பெயர்தான் கேட்பார்கள். ஒரு தடவை ஃபோன் தொட்டிக்குள் விழுந்து சிம் போய்விட்டது. மாற்று சிம்முக்கு நானே ஆதாரோடு நேரில் போய் முகத்தைக் காட்ட வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் ஒரு மளிகைக் கடை நம்பர், மறைந்துபோன பெரியவர் பெயரிலேயே இருந்தது. சிம் போன அன்று, வாரிசுச் சான்றிதழ் அது இது என்று மகன் அலைந்த அலைச்சலைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. மோசடியைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. ஆனால் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கடைசி நாளில் அந்த சிம்மைத் தொடாதீர்கள்.

புது நம்பர் என்று கொடுப்பது எப்போதும் புது நம்பர் இல்லை. இரண்டாவது வண்டிக்கு எடுத்த சிம்மைப் போட்ட அன்று மாலையே ஒருவர் கூப்பிட்டு, வேறொருவர் பெயரைச் சொல்லி, "மூணு டியூ நிக்குது, எப்ப கட்டுறீங்க?" என்றார். இது கேன் கம்பெனி என்றால் நம்பவில்லை. "போன தடவை மெக்கானிக் கடைன்னு சொன்னீங்க" என்றார். வாரக்கணக்கில் அது ஓடியது. வண்டி ஓட்டும் பையன் ஒரு கட்டத்தில் அவரிடமே, "சார், உங்க ஆபீஸுக்கு கேன் வேணுமா?" என்று கேட்டுவிட்டான். அழைப்புகள் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதன் பிறகு, புது சிம்மை ஒரு மாதம் சும்மா ஒரு ஃபோனில் போட்டு வைத்து, என்னென்ன வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பெயிண்டரைக் கூப்பிடுகிறோம். வண்டியில் நம்பர் எழுதுவது அதற்கப்புறம்தான்.

இதே காரணத்தால் பழைய நம்பரைக் கைவிடுவதும் சாதாரண வேலை இல்லை. 90 நாள் பயன்பாடே இல்லாவிட்டால் எண்ணை முடக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்பது டிராய் விதி. முடங்கிய நம்பர் கொஞ்ச காலம் கழித்து வேறொருவர் கைக்குப் போகும். அதற்குள் யுபிஐ, வங்கி, மின் வாரியம் என்று எல்லா இடத்திலும் மாற்றியாக வேண்டும்.

எந்தக் கம்பெனி என்பதற்கும் வந்துவிடுகிறேன். மதுரையில் இதற்குச் சித்திரைத் திருவிழாதான் பரீட்சை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம், ஆழ்வார்புரம் பக்கம் ஃபோனில் சிக்னல் கோடு முழுசாக நிற்கும், அழைப்பு மட்டும் போகாது. எங்களுக்கோ அன்றைக்குத்தான் தண்ணீர்ப் பந்தல்களிலிருந்து ஆர்டர் குவியும். கூட்டம் அப்படி, இதில் எந்தக் கம்பெனியையும் தனியாகக் குறை சொல்ல முடியாது. நாங்கள் செய்தது, மூன்று வண்டியையும் ஒரே கம்பெனியில் வைக்காமல் பிரித்தது. ஒன்று அடைத்தால் இன்னொன்று சில நேரம் கிடைக்கிறது. இரண்டும் கிடைக்காவிட்டால் எஸ்எம்எஸ். தாமதமானாலும் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் முடங்கி, திவால் மனு கொடுத்தபோது தமிழ்நாடே நம்பரை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போர்ட் செய்ய அலைந்தது பலருக்கு நினைவிருக்கும். நாங்கள் அப்போது அதில் இல்லை. இருந்தாலும் எல்லா லைனையும் ஓரிடத்தில் வைக்கக் கூடாது என்ற எண்ணம் அப்போது வந்ததுதான்.

போஸ்ட்பெய்டுக்கு மாறச் சொல்லி ஆடிட்டர் வருடா வருடம் சொல்கிறார். ஜிஎஸ்டி எண்ணோடு பில் வரும், 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக, அதாவது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில், கழித்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். மாதம் 449 ரூபாய் திட்டம் என்றால் அதற்கு மேல் போடும் வரி 81 ரூபாய் திரும்பக் கிடைக்கும். அதைக் கழித்த பிறகும் வருடத்துக்கு 5,388 ரூபாய். ஆர்டர் நம்பருக்கு நான் கட்டுவது 1,849. நாளெல்லாம் வெளியூர் சுற்றுகிற தொழில், டேட்டா அதிகம் வேண்டும் என்றால் அது வேறு கணக்கு. காம்போசிஷனில், அதாவது சிறு வணிகர்களுக்கான எளிய ஜிஎஸ்டி முறையில், இருப்பவர்களுக்கு அந்த வரியும் திரும்ப வராது.

ஒரே ஒரு லைனை மட்டும் போஸ்ட்பெய்டுக்கு மாற்றலாமா என்று இப்போது யோசனை இருக்கிறது. அது ஆர்டர் நம்பர் இல்லை, மேசைக்குள் கிடக்கும் ஓடிபி நம்பர். மாதம் நானூற்றுச் சொச்சம் ரூபாயை ஒரு பட்டன் ஃபோனுக்குக் கொடுக்க மனைவிக்கு மனமில்லை. காலண்டரில் அதன் அடுத்த தேதி புரட்டாசியில் வருகிறது, அதற்குள் முடிவு செய்ய வேண்டும்.